அரைப்பேர் கேட்ட கங்காணி

மாரிசாமிக் கங்காணி நல்லவராக மாறிய நாள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அதற்கு முந்திய முப்பது வருடங்களை யாரும் மறக்கவில்லை, அதனால்.

இலங்கை மலைநாட்டில் தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் நான் மருந்துச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனங்கள் என்னை டாக்டரய்யா என்றார்கள், நான் திருத்தவில்லை. காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், இரண்டுக்கும் அடங்காததற்கு ஒரு சிவப்புத் தண்ணீர். சிவப்புத் தண்ணீரில் இருந்தவற்றில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது சாயம் மட்டும்தான்.

கங்காணி திருச்சிப் பக்கத்திலிருந்து மன்னார்க் காட்டுப்பாதையில் நடந்து வந்த கூட்டத்தில் ஒரு பையனாக வந்தவர். வழியில் தாயும் தகப்பனும் வாந்திபேதியில் போனார்கள். அழுவதற்கும் நேரம் கொடுக்காமல் அவரை அடித்து நடத்தி வந்தவன் கூலியாட்களை மேய்க்கும் ஒரு கங்காணி. பெரியவனானதும் யாரைப் போல ஆக வேண்டும் என்பதில் மாரிசாமிக்குக் குழப்பமே இருக்கவில்லை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் விடியுமுன் ஆள் நிறுத்துவார். ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைய நாளில் பாதிதான் அந்த ஆளுக்குக் கணக்கில் ஏறும், அதுதான் அரைப்பேர். பிள்ளை பெற்ற மறுவாரம் பிந்தி வந்த கருப்பம்மாவுக்கும் அரைப்பேர் போட்டவர் அவர்.

பதுளைக்கு ரயில் வந்த மறுவருடம் ஒரு காலையில் அவரே பிந்தி வந்தார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. நேராகக் கணக்கப்பிள்ளையிடம் போனார்.

"எனக்கு அரைப்பேர் போடுங்க."

"என்னங்க கங்காணி, வெளையாடுறீங்களா?"

"ஊருக்கெல்லாம் போட்ட கை. தனக்குப் போட்டா என்ன, சுளுக்கிக்குமா?"

களத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார். பிறகு கருப்பம்மாவைப் பார்த்து, "நீ வூட்டுக்குப் போ தாயி, புள்ள அழுவும்" என்றார். அந்தப் பிள்ளைக்கு அப்போது மீசை முளைத்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி இராக்கம்மா மருந்துச்சாலைக்கு வந்தாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு மருந்து வேணுங்க."

"என்ன செய்யுது?"

"நல்லா பேசுறாருங்க."

"நல்லதுதானே?"

"எனக்குத் தண்ணி தூக்கிக் குடுக்குறாரு. 'ஒன்னையக் கட்டிக்கிட்டு நாந்தான் ஒனக்குப் பாவம் பண்ணிட்டேன்'னு சொல்றாரு. டாக்டரய்யா, இது அந்த மனுசன் இல்ல. என்னமோ சீக்கு. காப்பாத்துங்க."

புருஷன் அடிக்கிறான் என்று மருந்து கேட்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அடிக்கவில்லை என்று வந்தவள் இவள் ஒருத்திதான். என் அலமாரியைப் பார்த்தேன். நல்ல குணத்துக்கு அதில் மருந்து இல்லை. வழக்கம்போல் சிவப்புத் தண்ணீர் கொடுத்தேன். அதைக் குடித்த கங்காணி, "டாக்டரய்யாவும் என்னைய மாதிரிதான். தொழில் தெரியாட்டியும் தொப்பி சரியா இருக்கு" என்று சொல்லியனுப்பினார். அவர் புத்தி கெட்டிருக்கிறது என்ற இராக்கம்மாவின் பேச்சை அதற்குப் பிறகு நம்புவது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்து அவருடைய இடது கால் இழுக்கத் தொடங்கியது. "என் காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. யாரையும் பேசவுடாத கங்காணிக்கு இது வேணும்" என்று காலைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். காலையில் தலைவலியோடு எழுவார். வாந்தி எடுப்பார். எடுத்துவிட்டு அதையும் கேலி செய்வார்.

இந்த நேரத்தில்தான் ரோதைமுனி குறுக்கே வந்தார். தேயிலை ஆலையின் பெரிய சக்கரத்தைச் சனங்கள் ரோதை என்பார்கள். அதில் குடியிருந்து ஆலையைக் காப்பவர் ரோதைமுனி. பூசையன்று உடுக்குச் சத்தம் ஏறியபோது கங்காணி தடாலென்று விழுந்தார். இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை வந்தது. பூசாரி வீரசிங்கத்துக்கு வேறென்ன வேண்டும்?

"முனி எறங்கிட்டாருய்யா! அதான் கங்காணி மனசு மாறியிருக்கு. சாமி, குறி சொல்லு சாமி!"

கண் விழித்த கங்காணி சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார்.

"முனிக்கு இந்தத் தோட்டத்துல வேற ஆளே கெடைக்கலியா? குதிரை கேட்ட சாமிக்குக் கழுதையக் குடுத்திருக்கீங்களேடா!"

தன்னைத் தாழ்த்திப் பேசுகிறவன்தான் உண்மையான சாமியாடி என்று வீரசிங்கம் தீர்ப்பளித்தான். அன்றிலிருந்து கங்காணியின் லயத்து வீட்டு வாசலில் சனம் கூடியது. அவரிடம் அடி வாங்கியவர்களே திருநீறு வாங்கப் போனார்கள். இராக்கம்மா பதுளை ஆசுபத்திரி என்று வாயெடுத்தால், "சாமிய ஊசி குத்தக் கொண்டுபோறியா? தோட்டம் வெளங்குமா?" என்று மறித்தார்கள். கெட்டவராக இருந்தபோது அவரைக் கழித்துக்கட்டத் தவம் கிடந்த சனம், சாகப்போகும்போது அனுப்ப மறுத்தது.

"முனி வந்தா ஆடுவாரு, போவாரு. இவருக்கு வாயி ஒரு பக்கமாக் கோணிக்கிட்டே நிக்குது. முனிக்கு வாயி கோணலா?" என்று அவள் வாசலில் நின்று கத்தினாள். பதில் கேட்டு வர ஆட்கள் வீரசிங்கத்தைத் தேடிப் போனார்கள். அந்த இடைவெளியில் நானும் அவளும் அவரைக் கைத்தாங்கலாகத் தெமோதரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயிலேற்றினோம்.

பதுளையில் பெரிய டாக்டர் கழுத்தையும் அக்குளையும் தொடையிடுக்கையும் அழுத்திப் பார்த்தார். எங்கும் கட்டியில்லை. பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் கருவியை வைத்துக் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா சாமி?" என்று கேட்டார் கங்காணி.

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது, மண்டைக்குள் ஏதோ வளர்ந்து நெருக்குகிறது என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். செய்வதற்கு ஏதாவது உண்டா என்றேன். வலிக்கு மருந்து கொடுக்கலாம் என்றார். பெரிய படிப்பின் அலமாரியிலும் ஒரு சிவப்புத் தண்ணீர்தான் இருந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

கங்காணி அங்கேயே ஒரு மாதம் கிடந்தார். கடைசியில் பேச்சு போனது, கேலி முகத்தில் மட்டும் இருந்தது. இறந்ததும் தலையைத் திறந்து பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். இராக்கம்மா சம்மதிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"தொறந்து பாருங்க. சீக்குத்தான்னு யாராச்சும் ஒருத்தராவது சொல்லணும். சாமின்னு சொல்லியே கொன்னுட்டாங்க" என்றாள் இராக்கம்மா.

கட்டி நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கத்தில் இருந்தது. கொழும்புக்கு அனுப்பிப் பார்த்ததில் முழுவதும் சிறிய உருண்டை உயிரணுக்கள். வேறெங்கிருந்தும் வந்ததல்ல, மூளையிலேயே தொடங்கியது என்றார்கள். பெயர் வைப்பதில் அப்போது அவர்களுக்குள் சண்டை. இப்போது லிம்போமா என்கிறார்கள், ஒருவகைப் புற்றுநோய். அந்த அணுக்கள் உடம்பின் காவலாட்கள். நோய் நுழைகிறதா என்று பார்ப்பது வேலை. கழுத்து, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களில் கூடியிருப்பவை. மூளையில் அப்படிக் கணுவே கிடையாது. ஆனாலும் கணுவின் நோய் அங்கே பிறக்கிறது. வேலையே இல்லாத தோட்டத்தில் ஒரு கங்காணி தன்னைப் போலவே ஆள் சேர்த்துக்கொண்டே போனால் எப்படியோ, அப்படி. நெற்றிப் பக்கம் சுபாவத்துக்குக் கடிவாளம் பிடிக்கும் இடம். அங்கே வளர்ந்தால் சாதுவான மனிதர் முரடாவதுண்டு, சோம்பிப்போவதுண்டு, தன்னையே கிண்டலடித்துச் சிரிப்பதுமுண்டு. எங்கள் கங்காணியிடம் கெட்டுப்போக நல்ல சுபாவம் ஏதும் இருக்கவில்லை. அதனால் நோய் எதிர்த்திசையில் நடந்திருக்க வேண்டும்.

தோட்டத்துக்குத் திரும்பி நான் இதையெல்லாம் விளக்கினேன். இராக்கம்மா வென்றுவிட்டாள் என்று நினைத்தேன். வீரசிங்கம் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப தலைக்குள்ள வெளி ஆளு ஒருத்தர் இருந்தது நெசந்தானுங்களே டாக்டரய்யா?"

"ஆள் இல்லை. கட்டி."

"முனி எந்த ரூபத்துலயும் வருவாருங்க."

ஆலைச் சுவரோரம் கங்காணி பெயரில் ஒரு கல் நட்டார்கள். முதல் கற்பூரம் கருப்பம்மா ஏற்றினாள். அறிவியலை நம்பி நான் செய்த ஒரே பிரசங்கத்தின் பலன் அந்தக் கல்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அந்த வழியாகப் போனபோது, இராக்கம்மா அங்கே எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?" என்றேன். "சீக்கு என்று அத்தனை பேரோடும் சண்டை போட்டது நீதானே!"

"இப்பவும் சீக்குன்னுதாங்க சொல்றேன்." திரியை விரலால் நிமிர்த்தினாள். "அவருக்கு வெளக்கு வக்கல. அந்தக் கட்டிக்கு வக்கிறேன். முப்பது வருசத்துல என்கிட்ட நல்லா பேசுனது அது ஒண்ணுதான்."

பேசியது கட்டியா, அவரா என்று பதுளை டாக்டரைக் கேட்டுச் சொல்லவா என்றேன்.

"வேணாங்க. ஏதாச்சும் சொல்லிப்புடுவாரு."