விளக்கு எரியாத திரைகள்

கண்டி நகரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தங்கியிருந்தது அம்பிட்டியவில், மலைச்சரிவில் ஓர் அறை. யுத்தம் கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. காலையில் வெளியே இறங்குமுன் குடையை மறந்தாலும் அடையாள அட்டையை மறக்க மாட்டேன். அந்தக் காலத்தில்தான், யாருக்கும் வேண்டாத ஒரு டிரைவரை என் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

டிரைவர் என்றால் என்னவென்று அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே இங்கும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்குள் கேர்னல் என்று ஓர் அடிப்பகுதி இருக்கிறது. திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் ஆட்டி வைப்பது அதுதான். ஆனால் ஒவ்வொரு கம்பனியின் திரையும் ஒவ்வொரு விதமாக முரண்டு பிடிக்கும். அதனதன் குணம் அறிந்து வேலை வாங்குகிற நிரலுக்குப் பெயர் டிரைவர். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு படித்தாய் என்றார்.

என் அக்கா புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பழைய கொழுந்து மடுவத்தை, அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையை, பலகை அடித்துப் பிரித்து அவளுக்கு ஒரு வகுப்பறை கொடுத்திருந்தார்கள். அங்கே கணினிப் பாடத்தைக் கொண்டுவர அவள் ஏறி இறங்காத படியில்லை. கடைசியில் வெளிநாட்டிலிருந்து யாரோ தானமாக அனுப்பிய பழைய மடிக்கணினிகள் கொஞ்சம் கிடைத்தன. அவற்றில் இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான்.

நான் போட்ட பழைய பதிப்பில் தமிழ் எழுத்து சிதறியது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று திரையில் கிடக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், அக்காவுக்கு அழுகை வந்தது. புதிய பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது என்று அறிந்து ஒரு மடிக்கணினியில் அதை ஏற்றினேன். தொடக்கத்தில் கம்பனியின் சின்னம் ஒளிர்ந்தது, கேர்னல் பொறுப்பெடுத்த கணத்தில் திரை கறுத்துவிட்டது. எத்தனை தடவை போட்டாலும் அதே கதை.

இணையத்தில் தேடியபோது விஷயம் இன்னும் மோசம் என்று தெரிந்தது. அந்தத் திரையை இயக்குகிற சிப்புக்கான டிரைவரைக் கவனிக்க ஆளில்லை. இலவசக் கேர்னலைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள், எந்தெந்தப் பகுதியை யார் பார்க்கிறார்கள் என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். இதற்கு நேரே "அநாதை" என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. திருத்த யாரும் வராவிட்டால் அடுத்த பதிப்பில் எடுத்துவிடப் போவதாக, திரைப் பகுதிக்கெல்லாம் பொறுப்பான வெளிநாட்டுக்காரர் அறிவித்திருந்தார். பரிசோதிக்கக்கூட அந்தப் பழைய சாமான் தம்மிடம் இல்லையாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் ஊரில் கழித்து எறிந்ததெல்லாம் எங்கள் ஊரில்தானே இருக்கிறது.

அதே வாரம் அக்காவுக்கு மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அடுத்த தவணைக்குள் தமிழில் பாடம் நடத்த முடியாவிட்டால், கணினிகள் நகரத்துப் பாடசாலை ஒன்றுக்குப் போய்விடும். தொலைபேசியில் அக்கா அதிகம் கதைக்கவில்லை. "இந்தப் புள்ளைங்க கையில வந்தது இது ஒன்னுதான்டி. அதையும் புடுங்கிட்டாங்கன்னா நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு வகுப்புக்குள்ள போறது?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து டிரைவரின் மூல நிரலை வரி வரியாகப் படிக்கத் தொடங்கினேன். திரை கறுப்பாக இருக்கிறது, ஆகவே எழுத்து வரையப்படவில்லை என்பது என் முடிவு. எனவே படம் வரைகிற பகுதியைப் பிடித்துக்கொண்டு குடைந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேர்னலை மறுபடி கட்டியெடுக்க வேண்டும், எங்கள் வகுப்புக் கம்ப்யூட்டருக்கு அது அரை நாள் வேலை. நடுவில் கரண்ட் போனால் பழையபடி தொடக்கத்திலிருந்து. படம் வரைகிற பகுதியில் ஒரு குறையும் அகப்படவில்லை. ஒரு கட்டத்தில் அந்த நிரலை எழுதியவரின் பரம்பரையையே மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்த்துவிட்டு, சோதனைக்கென்று இன்னொரு மடிக்கணினியையும் பையில் போட்டுக்கொண்டு கண்டிக்குத் திரும்பினேன். அதிலும் புதிய பதிப்பை ஏற்றியிருந்தேன். கம்பளைக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். நல்ல மழை. கறுத்த தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் ஒவ்வொருவராகப் போனோம். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்த சிப்பாய் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். பையைத் திறந்து கணினியைக் கண்டதும், போட்டுக் காட்டு என்று சிங்களத்தில் சொன்னார்.

போட்டேன். சின்னம் ஒளிர்ந்தது, அணைந்தது. குண்டோ என்று சிப்பாய் ஓரடி பின்னால் எடுத்து வைத்தார். உள்ளே ஏதோ ஓடுகிற சத்தம் கேட்கிறது, திரையோ கரிக்கட்டை. அது பழுது என்று சொன்னேன், குரல் எனக்கே பொய் சொல்கிறவளின் குரலாகக் கேட்டது. வெளியே நடத்துநர் பஸ்ஸைத் தட்டி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

சிப்பாய் டோர்ச்சை எடுத்து, மூடிக்குள் எதையும் ஒளித்திருக்கிறேனோ என்று திரையின் மேல் சரிவாக அடித்துப் பார்த்தார். வெளிச்சம் விழுந்த இடத்தில் எழுத்துகள் இருந்தன. மங்கலாக, கறுப்புக்குள் கறுப்பாக, ஆனால் வரி வரியாக.

நான் பயந்ததை மறந்துபோனேன். அந்த மனிதர் துவக்கு வைத்திருந்தார் என்பதும் மறந்துபோயிற்று. "அசைக்க வேண்டாம், அப்படியே பிடியுங்கள்" என்று சிங்களத்தில் அதட்டிவிட்டு, திரையோடு முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தேன். கேர்னல் எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டு, பயனர் பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றது. அவரும் பிடித்த டோர்ச்சை அசைக்காமல் நின்றார். பிறகு தாமும் குனிந்து பார்த்து, எழுத்து இருக்கிறதே என்றார். எழுத்து இருக்கிறது, விளக்குத்தான் எரியவில்லை என்றேன். அது கணினிதான் என்று அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பையை மூடிக்கொண்டு போகச் சொன்னார். பஸ் இன்னும் நின்றது. பேராதனை தாண்டும்வரை வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விளக்குப் பகுதியைத் திறந்தேன். அந்தத் திரைகளுக்குப் பின்னால் ஒரு விளக்கு உண்டு, அது எரிந்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். முன்பு யாரோ நிரலைச் சுத்தம் செய்கிறேன் என்று இரண்டு வரிகளை இடம் மாற்றியிருந்தார். அதன் பிறகு டிரைவர், விளக்கை ஏற்று என்று முதலில் கட்டளையிட்டுவிட்டு, அப்புறம்தான் திரைக்கு மின்சாரத்தைத் திறந்தது. புதிய திரைகள் அதைச் சமாளித்துக்கொண்டன. எங்கள் பழசுகளுக்குக் கட்டளை வரும்போது உயிரே இல்லை. வரிகளைத் திரும்ப இடம் மாற்றி, நடுவில் கண்சிமிட்டும் நேரம் பொறுக்கச் சொல்லி இன்னொரு வரி சேர்த்தேன். பின்னேரம் கேர்னல் கட்டி முடிந்தது. கணினியைப் போட்டேன், சின்னம் அணைந்தது, ஒரு மூச்சு விடுவதற்குள் திரை பளிச்சென்று வந்தது. வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நான் துள்ளிக் குதித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, என் குணம் அவர்களுக்குத் தெரியும்.

திருத்தத்தை அந்த வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பினேன், பாதிப் பெயரோடு. எந்த இனத்துக்காரர் என்று கண்டுபிடிக்க முடியாத பாதி. வெளிநாட்டுக்காரர் மரியாதையாகப் பதில் போட்டார். வேலை சரி, ஆனால் இது என் வேலை என்று முழுப்பெயரில் ஒப்பமிடாவிட்டால் ஏற்க முடியாது, அது எல்லாருக்கும் பொதுவான வழக்கம் என்றார். நான் சில நாள் சும்மா இருந்தேன். பஸ்ஸில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமலிருக்கப் பழகியிருந்த காலம் அது. கண்டியில் இருக்கும் தமிழ்ப் பெயர் ஒன்று எல்லாரும் பார்க்க அந்தக் கேர்னலில் என்றென்றைக்கும் எழுதப்பட்டுக் கிடக்கப் போகிறது. அக்காவிடம் சொன்னபோது அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

"ஆமிக்காரனும் பேரத்தான் பாத்தான், ஓரமா நிக்க வச்சான்," என்றாள். "இவங்களும் பேரத்தான் கேக்குறாங்க. ஆனா இவங்க உள்ள வரச் சொல்றாங்கடி."

முழுப்பெயரை எழுதினேன், அப்பாவின் பெயரையும் சேர்த்து. திருத்தம் ஏற்கப்பட்டது. இனி இந்த டிரைவரைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவர் கேட்டார், சரி என்றேன். "அநாதை" என்ற சொல் போய் அந்த இடத்தில் என் பெயர் வந்தது. எங்கெங்கோ உள்ளவர்கள் தங்கள் பழைய திரைகளின் முறைப்பாடுகளை எனக்கு எழுதத் தொடங்கினார்கள். சிலரோடு நன்றாகச் சண்டையும் பிடித்திருக்கிறேன்.

தவணை தொடங்குவதற்குள் எல்லாக் கணினிகளிலும் புதிய கேர்னலை ஏற்றிக் கொடுத்தேன். முதல் பாடம் நடந்த நாளில் தோட்டத்தில் கடும் மூடுபனியாம், மடுவத்துக்குள் காலையிலேயே இருட்டாம், இருந்த ஒரு பல்பும் அழுது வடிந்ததாம். இடைவேளையில் அக்கா தொலைபேசியில் எடுத்தாள். தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

"அதெல்லாம் நல்லா வருது. நான் தெரைக்குப் பின்பக்கம் நின்னேன்டி, எனக்கு எழுத்து தெரியல. எல்லாத் தெரையும் ஒன்னாப் பத்துச்சு, வெளிச்சம் புள்ளைங்க மொகத்துல விழுந்துச்சு," என்றாள். "இத்தன வருசமா அந்த இருட்டுலதான் படிப்பிக்கிறேன். கடைசி வரிச வாங்குல இருக்கிற புள்ளைக்குச் சிரிச்சா கன்னத்துல குழி விழும்னு இன்னைக்குத்தான்டி பாக்குறேன்."