மானஸ்தனின் தங்கை

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அழகன் 2013இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். வயது இருபத்தாறு. இரண்டு மூட்டைத் தூள் காணாமல் போனதற்காக, எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கள்ளன் என்று சொல்லியிருந்தார்கள். அவனைப் புதைத்த மறுநாள், மூட்டைகள் வேறொரு லொறியில் தவறி ஏற்றப்பட்டிருந்தது தெரியவந்தது.

“மானஸ்தன். தலகுனிஞ்சு வாழ மாட்டேன்னு போயிட்டான்” என்றார் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா. அழகனின் அம்மா அம்மாக்கண்ணு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து பறிக்கும் மலையிலும் கோயிலிலும் அதையே சொன்னாள்.

தங்கை லோஜினிக்கு அப்போது பதினேழு வயது. பிறகு அவள் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படித்தாள். இப்போது வீட்டிலிருந்தே ஹட்டனுக்குப் போய், ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். இறுதியாண்டில் அவள் ஆராய்ந்தது, அந்த நாட்டின் பழைய போர்க்கதைகளில் வீரர்கள் தாமே தேடிக்கொண்ட சாவு. ஏன் இந்தத் தலைப்பு என்று விரிவுரையாளர் கேட்டபோது, “விருப்பம் சேர்” என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கதைகளில் தோற்றுப்போன வீரன், எதிரியிடம் பிடிபட்டு அவமானப்படுவதற்கு முன், மேற்கே பார்த்து உட்கார்ந்து புத்தரின் பெயரைச் சொல்லிவிட்டு வாளை எடுக்கிறான். கதை அவனைப் புகழ்கிறது. அடுத்த பக்கத்திலேயே அவனுக்காக அழவும் செய்கிறது. ஊர் ஊராகப் போய் இவற்றைப் பாடியவர்கள் கண் தெரியாத துறவிகள். செத்தவர்களின் ஆவி அமைதி அடையட்டும் என்றுதான் பாடினார்களாம். பெருமையாகச் செத்தவர்களை எதற்காக அமைதிப்படுத்த வேண்டும் என்று லோஜினி தன் ஆய்வில் கேட்டிருந்தாள். பதில் எழுதவில்லை.

போன வருடம் அழகனின் நினைவு நாளில் வீரய்யா அவளைப் பேசச் சொன்னார். “ஒனக்குத்தான் படிப்பு இருக்கு. அண்ணனப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லு.”

லோஜினி எழுந்து நின்றாள். “எங்கண்ணன் மானத்துக்காகச் சாகலங்க. அவமானப்படுத்துனாங்க, தாங்க முடியல. அன்னிக்கி நாம யாராச்சும் கூடப் போயி நின்னிருந்தா உசுரோட இருந்திருக்கும்.”

வீரய்யா குனிந்து செருப்பைத் தேடினார்.

எட்டு நாட்களாக அம்மாக்கண்ணு மகளிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைத்தாள். லோஜினியும் மன்னிப்புக் கேட்கவில்லை. சொன்னது சரிதான் என்றுதான் நினைத்தாள். ஆனால் அம்மாவிடம் இருந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பிய அம்மாக்கண்ணு, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டே கேட்டாள்: “நீ படிச்ச அந்தச் சப்பான் கதையில, செத்தவனோட ஆத்தா என்ன செய்வா?”

“சில பேரு மொட்டையடிச்சு மடத்துக்குப் போயிருவாங்கம்மா. சில பேரப் பத்தி ஒண்ணுமே எழுதல.”

“எழுதலன்னா? அவ எப்புடி இருந்தா?”

“தெரியலம்மா.”

அம்மாக்கண்ணு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, “கதவச் சாத்திட்டுப் போ” என்று சொல்லிப் படியிறங்கினாள்.