நைலெக்ஸ் சேலையும் ஓடாத நாயும்

எழுபதுகளில் டண்டினொங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கிரேஹவுண்ட் நாய்க்குட்டிகளைப் பந்தயத்துக்குப் பழக்கி வந்தார். எனக்கு நாய் என்றாலே ஆகாது. அதிலும் அந்தக் கறுப்புக் குட்டியைக் கண்ணில் காட்டக்கூடாது. வேலிக்குக் கீழால் நுழைந்து வரும். குடைபோல விரிந்து காற்றுக்குச் சுற்றும் எங்கள் துணிக்கொடியில் காய்கிற நைலெக்ஸ் சேலையைத் துரத்தித் துரத்திக் கிழித்து வைக்கும்.

"உந்தச் சனியனை ஒருநாள் கொல்லத்தான் போறன்," என்று கணவரிடம் கத்தினேன். தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரச் சத்தம் கேட்டுவிட்டு வருகிற மனுசன், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல், "ஓம் ஓம்," என்றார்.

கடைசியில் கிழிந்த சேலையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே போனேன். அந்த அம்மா மன்னிப்புக் கேட்டார்.

"இனி உனக்குத் தொல்லை இராது. மற்றதுகள் நான் கயிற்றில் கட்டி இழுக்கிற முயல்தோலைத் துரத்துகின்றன, இவன் குந்தியிருந்து பார்க்கிறான். ஓடாத நாயை என்னால் வைத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை மிருக வைத்தியர் ஊசிபோட்டுக் கொல்ல வருகிறார்."

என் வாய்தான் பொல்லாத வாய், மனம் அப்படியில்லை.

"ஓடாத நாயா? இதைப் பாருங்கள்," என்று சேலையை விரித்துக் காட்டினேன்.

என்னையும் கிழிசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதில் ஒரு துண்டைக் கிழித்து முயல்தோலில் கட்டி, கயிறு சுற்றிய சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றி இழுத்தார். தோல் புல்லில் ஓட, குட்டி பின்னால் பறந்தது. வைத்தியரை வரவேண்டாமென்று சொல்லியாயிற்று.

அதன்பின் அந்தத் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிச் சிறிதாக்கினோம். ஏனென்றால் பந்தயத் திடலில் கம்பியில் ஓடும் பொய்முயலில் சேலை கட்ட விடமாட்டார்கள். அங்கே ஓடாவிட்டால் பழைய முடிவுதான் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

பரீட்சை ஓட்டத்தன்று நான் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு கணவரோடு போய்த் திடலோரம் நின்றேன். காற்றுக்கு முந்தானை படபடத்தது. அந்த அம்மா தலையில் கைவைத்தார்.

"காருக்குள் போய் இரு. முயலை விட்டுவிட்டு உன்னைத்தான் துரத்துவான்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து இருந்தேன். பொய்முயல் கம்பியில் கிறீச்சிட்டுக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிள்ளையாரே, இந்த ஒருமுறை ஓடவை என்று கேட்டபடியே இருந்தேன். நாய்க்காக நேர்த்தி வைப்பேன் என்று யார் கண்டது.

கண்ணாடியில் தட்டினார்கள். எதற்கும் அவசரப்படாத என் கணவர் மூச்சிரைக்க நின்றார்.

"வெளியாலை வாரும். ஓடிட்டான். கடைசிவரைக்கும் ஓடினவன்."

அப்பாடா என்றிருந்தது. அவர் கைபிடித்து இறக்கினார். அந்த அம்மா நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது, நேரே என் முந்தானையைக் கவ்வி இழுத்தது. கணவர் விலக்கப் போனார்.

"விடுங்கோ," என்றேன். "இழுக்கட்டும்."