மலையேறிய பாதி வீடு

வெள்ளம் வந்த வருஷத்திலிருந்து வர்லீனுக்கு மழை என்றாலே ஆகாது. கென்டக்கி மலைப்பக்கத்தில், எங்கள் ஊர் ஓடைக்கரையில்தான் அவளுடைய பழைய வீடு இருந்தது. தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்தில் அடித்து நொறுக்கியதை, சரிவில் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், வாய்த்துடுக்குக்காரி. ஆனால் வானம் கறுத்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"இனிமே கீழ குடியிருக்க மாட்டேன். மலைமேல இருக்கற உங்கப்பா நெலத்துலதான் வீடு" என்று கணவன் ஆர்விஸிடம் சொல்லிவிட்டாள்.

மலைமேல் வந்து கட்ட ஆள் கிடைக்கவில்லை. தொழிற்சாலையிலேயே கட்டி, இரண்டு பாதிகளாக லாரியில் இழுத்து வந்து ஒட்டித் தரும் வீடு ஒன்றைப் பார்க்கப் போனார்கள். தகரப் பெட்டி மாதிரி ஒன்றை எதிர்பார்த்துப் போன ஆர்விஸ் அசந்துபோனான். கறுப்புச் சட்டம் போட்ட பெரிய ஜன்னல்கள், உயர்ந்த கூரை, சமையலறை நடுவில் வெள்ளைக் கல் மேடை.

"இது நம்ம மாதிரி ஆளுங்களுக்கா? ஷூவக் கழட்டணுமோ?"

"நீ கழட்டினா அந்த நாத்தத்துக்கு எவனும் வீடு வாங்க மாட்டான். போட்டுக்கோ."

அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள்.

அக்டோபரில் வீடு வந்தது. முதல் பாதி சிக்கலில்லாமல் மேலே ஏறியது. இரண்டாவது பாதி அடிவாரத்துக்கு வந்தபோது தூறல். டிரைவர் டென்சில் இறங்கி மண்ணை மிதித்துப் பார்த்தார்.

"ரோடு ஊறுதும்மா. இன்னிக்கு ஓடைப் பக்கமா நிறுத்திடட்டுமா?"

"ஓடைப் பக்கமா? வேணாம், வேணாம். ஏத்திடுங்க."

நடுவளைவில் பின்சக்கரங்கள் வழுக்கின. சாலையோரம் பொலபொலவென்று சரிந்தது. பாதி வீடு பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. உள்ளே அலமாரிக் கதவுகள் படார் படாரென்று அடித்துக்கொண்டன.

"குதிச்சிருங்க!" என்று அலறினாள் வர்லீன்.

"பிரேக்குல இருந்து கால எடுத்தா வண்டியே போயிரும்மா!"

மேலே குடியிருக்கும் என்னிடம் புல்டோசர் இருந்தது. ஆர்விஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான். நான் புல்டோசரை ஓட்டிக்கொண்டு இறங்கிப் போனபோது, லாரிக்கு முன்னால், டென்சிலின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், அவள் நனைந்தபடி நின்றிருந்தாள். "பிள்ளைங்க பேரு என்ன? சொல்லுங்க. என்னையே பாருங்க" என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

புல்டோசரிலிருந்து லாரிக்குச் சங்கிலியை மாட்டினேன். முதல் இழுப்பில் லாரி அசையவில்லை. மண் இன்னும் கொஞ்சம் சரிந்தது. வர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த இழுப்பில் சக்கரம் கல்லைப் பற்றி ஏறியது.

மேலே சேர்ந்ததும் டென்சில் லாரியிலிருந்து இறங்கினார். உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

"நான்தான் ஏத்தச் சொன்னேன். உங்களக் கொன்னுருப்பேன்" என்று அழுதாள்.

"ஓட்டுனது நானும்மா. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும்."

விரிசல் விட்ட சுவரைச் சரிசெய்து குடிபுகுந்தார்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அவளுக்கோ இப்போது ஓடையோடு சாலையும் பயம்.

நவம்பரில், நன்றி சொல்லும் திருநாளுக்கு, டென்சிலைக் குடும்பத்தோடு வான்கோழி விருந்துக்கு அழைத்தாள். அவர் காரைக் கீழேயே விட்டுவிட்டு, பிள்ளைகளோடு நடந்து ஏறினார். அவர்கள் அந்த வளைவைத் தாண்டும்வரை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. அப்புறம்தான் வான்கோழியை அடுப்பிலிருந்து எடுத்தாள்.