எண்ணெய்க் கடன் ஆஸ்பத்திரியும் என் மரமுட்டுகளும்

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரமனை ஆற்றோரம், தோண்டத் தோண்டச் சேறு வந்த இடத்தில், மூன்று மாடி வீடு. இரண்டு கான்ட்ராக்டர்கள் கையைக் கழுவிவிட்டுப் போன பணி அது. இன்றைக்கும் அதில் ஒரு விரிசல் காட்டுங்கள், பார்ப்போம். வலியசாலையில் இரண்டு பக்கமும் பழைய வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு மாடி வீடு. பக்கத்து வீட்டு ஓடு ஒன்று நகரவில்லை. போனக்காடு எஸ்டேட்டில் தண்ணீர்த் தொட்டி. மழையில் ரோடு போய், காங்க்ரீட்டைத் தாங்குகிற இரும்பு ஜாக்கி ஏற்றிய லாரி பாதி மலையில் நின்றுவிட்டது. எஸ்டேட்டில் வெட்டிப் போட்டிருந்த மரத்தையே முட்டாக நிறுத்தி வார்த்து முடித்தேன். மஸ்கட்டில் ஒரு பாலம். கடைசியாக ஆப்பிரிக்காவில், அங்கோலாவில், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. இத்தனைக்கும் என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதிதான்.

என் பணி சென்ட்ரிங். காங்க்ரீட் இறுகும்வரை அதைத் தாங்கப் பலகையும் முட்டும் அடிக்கிற பணி. இறுகியதும் எங்கள் பணியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். கொத்தனார் சுவரைக் காட்டலாம், ஆசாரி கதவைக் காட்டலாம். சென்ட்ரிங்காரன் எதைக் காட்டுவான்? அதனால்தான் எங்கள் பெயர் எங்கேயும் நிற்பதில்லை.

போன மாதம் கரமனையில் டீக்கடையில் ஒரு பையன், சிவில் எஞ்சினியர், நல்ல பிள்ளைதான், சொன்னான்: "அங்கிளே, ஆப்பிரிக்காவில எல்லாம் சைனாக்காரன் கடன் கொடுத்து, அவனே கட்டினதாக்கும். அதில நம்ம ஆளுக்கு என்ன பங்கு?" டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தென்னைப் பாட்டம்

மஸ்கட் பாலத்தில் என் பணியைப் பார்த்த ஒரு சைனா கம்பெனி, என்னையும் கம்பி கட்டுகிற சுகுமாரனையும் அங்கோலாவுக்குக் கூட்டிப்போனது. சுகுமாரன் நெய்யாற்றின்கரைக்காரன். என்னைவிட இளையவன், என்னை அண்ணா என்பான். துறைமுகத்திலிருந்து அரை நாள் தூரத்தில் மலைப்பாங்கான ஊர். போனக்காடு மாதிரியே குளிரும், தைலமரமும். ஸைட் எஞ்சினியர் லியூ என்ற சைனாக்காரன். மெலிந்த ஆள், கையில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க்.

முதல் நாள் ஸ்டோரைத் திறந்து பார்த்தேன். சிமெண்ட், கம்பி, பலகை, ஆணி வரை சைனாச் சரக்கு.

"இந்த நாட்டில ஒரு ஆணி கூடக் கிடைக்காதா லியூ?"

"மிஸ்டர் பெருமாள், இந்த கவர்மெண்ட் கையில் கேஷ் இல்ல. ஆயில் இருக்கு. ஆயில் கப்பல் எங்க நாட்டுக்குப் போகும். எங்க பேங்க் எங்க கம்பெனிக்குப் பணம் தரும். கம்பெனி இங்கே கட்டும்."

"அப்போ பணம் இந்த ஊருக்கு வரவே வராதா?"

"பில்டிங் வரும்" என்றான் லியூ.

சுகுமாரனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் விளக்கினேன். "லேய் சுகுமாரா, உன் வீட்டுக்குப் பின்னால தென்னை நிக்குதுல்லா. வரப்போற வருஷத்துக் காயை எல்லாம் ஒரு முதலாளிக்குப் பாட்டமா, குத்தகையா எழுதிக் கொடுத்துட்டு, ஒரு வீடு கட்டித் தாரும்னு நீ கேக்கேன்னு வை. அவன் உன் கையில காசு தரமாட்டான். அவன் கடைச் சிமெண்டு, அவன் கொத்தனாரு. நீ காயை வெட்டி அவன் வண்டியில போட்டுக்கிட்டே இருக்கணும்."

"காய்க்கு வில குறைஞ்சு போனாலோ அண்ணா?"

"அப்போ கூடக் காய் போகும். முதலாளிக்குப் பயம் வந்தா கொத்தனாரையும் திருப்பி விளிச்சிடுவான்."

சிரிப்புக்குத்தான் சொன்னேன்.

வீட்டுக்காரன் யார்?

மேல்தளத்துக்கு காங்க்ரீட் போடுவதை நம் ஊரில் வார்ப்பு என்போம். வார்ப்பு நாளன்று வீட்டுக்காரர் பணிக்காரர்கள் எல்லாருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போட வேண்டும். தொடங்கினால் முடியும்வரை நிறுத்த முடியாத பணி அல்லவா? சாப்பாடு போடாத வீட்டில் நான் வார்த்ததில்லை. பிரசவ வார்டு வார்ப்புக்கு முந்தின நாள் லியூவிடம் கேட்டேன்.

"நாளைக்குச் சாப்பாடு யாரு போடுவா?"

"கேம்ப்பில் லஞ்ச் உண்டே."

"அது தினமும் உள்ளது. வார்ப்புச் சாப்பாடு வீட்டுக்காரன் போடணும். இங்க வீட்டுக்காரன் யாரு?"

லியூ யோசித்தான். "கவர்மெண்ட்... அது கட்டி முடிச்ச பிறகு. இப்போ கம்பெனி. கம்பெனிக்கு மேல பேங்க்." பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தான். "மிஸ்டர் பெருமாள், எனக்கே தெரியல."

ஸைட் கேட்டில் சாப்பாடு விற்கும் அமேலியா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மைக் வேண்டாத குரல். மரச்சீனிக் கிழங்கு மாவில் களி கிண்டி, மீன்குழம்பு ஊற்றித் தருவாள். மரச்சீனியும் மீனும் தின்று வளர்ந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அவர்கள் பேசுவது போர்த்துகீசு. மேசை, ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் ஏறக்குறைய நம் சொல்தான். மேஸ்திரிக்கு மெஸ்த்ரி. மீதியைக் கையால் பேசிக்கொள்வோம். நல்லபெருமாள் என்கிற என் பெயர் மட்டும் அவள் வாயில் நுழையவில்லை. வெட்டிச் சுருக்கி "பெரு" என்றாள். அவர்கள் பாஷையில் அது வான்கோழியாம். சுகுமாரன் ஒரு வாரம் சிரித்தான்.

அவளுடைய மூத்த மகள், பிரசவ வலியோடு தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், லாரியிலேயே போய்விட்டாள். இளையவளுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். எங்கள் ஸைட்டில் ஒரு தூண் எழும்பினால் அமேலியா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பது அதனால்தான்.

நான் யாரைத் தேடுகிறேன் என்று கேட்டாள். கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். இடுப்பில் கையை வைத்தாள். "வீட்டுக்காரனா? கண்ணு போச்சா உனக்கு, மெஸ்த்ரி? இவ்வளவு பெருசா முன்னால நிக்கிறேன்."

மறுநாள் அந்தத் தெருவே சமைத்தது. களி, கருவாடு, பனையெண்ணெய் ஊற்றின பயறு. நான் சாம்பார் வைத்தேன். சைனா ஆட்களும் அந்த ஊர் ஆட்களும் நாங்களும் மாறி மாறிச் சாப்பிட்டோம். சாம்பாரைக் குடித்துப் பார்த்த அமேலியா, "இது ஆஸ்பத்திரி திறந்த பிறகு நோயாளிக்குக் கொடுக்கிறதுக்கா?" என்றாள். சாயங்காலம் வார்ப்பு முடிந்தது. மறுநாள் தளம் இறுகத் தொடங்கியதும் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன்.

ஒன்று உள்ளே, ஒன்று வெளியே

அந்தத் தண்ணீர் வற்றும் முன்னே எண்ணெய் விலை விழுந்தது. ஒரு காலை லியூ செத்த முகத்தோடு வந்தான். கடனின் அடுத்த பாகம் வரவில்லை. கம்பெனி ஸைட்டை மூடுகிறது. கிரேன், ஜெனரேட்டர், தளத்துக்கு அடியில் நிற்கிற இரும்பு ஜாக்கி எல்லாம் துறைமுகத்துக் கப்பலில் ஏற வேண்டும். வேறு நாட்டில் வேறு கட்டடம் காத்திருக்கிறதாம்.

"ஜாக்கியா? வார்த்து ஒரு வாரம் ஆகல்லியே லியூ. பெத்தவளை மறுநாளே களை பறிக்க அனுப்புவியா? தளம் தொங்கிப்போகும்."

"தெரியும்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஹெட் ஆபீசுக்கு எழுதிட்டேன். பில்டிங்கே முடியப் போறதில்ல, தளம் எதுக்குன்னு கேக்கிறாங்க."

சுகுமாரன் பெட்டியைக் கட்டிவிட்டான். "அண்ணா, டிக்கெட் தந்நாச்சு. முதலாளி விளிச்சா கொத்தன் போணும். நிங்ஙள் தானே பறஞ்சது?"

சொன்னது நான்தான். ஆனால் சாப்பிட்டதும் நான்தானே? வீட்டுக்காரி கையால் வார்ப்புச் சாப்பாடு தின்றுவிட்டு, தளத்தை விழ விட்டுப் போவதற்கு நான் பழகவில்லை. போனக்காடு ஞாபகம் வந்தது. நேரே அமேலியாவிடம் போனேன்.

சங்கதியைக் கேட்டதும் களிக் கரண்டி அப்படியே நின்றது. "இப்ப அழணுமா, இல்ல வேற ஏதாவது செய்யணுமா?"

"மரம் வேணும். நேரான மரம். ரெண்டு ஆள் உயரம். எவ்வளவு கிடைச்சாலும் வேணும்."

கரண்டியை மகள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். அன்று மத்தியானத்திலிருந்து மரம் வந்தது. தோளில் வந்தது, தள்ளுவண்டியில் வந்தது, ஒரு கிழவர் தன் மாட்டுத் தொழுவத்துத் தூணையே உருவிக்கொண்டு வந்தார். வார்ப்பு அன்று களி கொண்டுவந்த அதே வீட்டுக்காரர்கள்.

லியூவிடம் கேட்டேன்: "ஜாக்கி போகணும், அவ்வளவுதானே ஆர்டர்? மரம் வைக்கக் கூடாதுன்னு அதில உண்டா?"

அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "மரத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல. பழைய பலகையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்னும் சொல்லிட்டாங்க." கிரேனையும் ஜெனரேட்டரையும் முதலில் ஏற்றி, ஜாக்கியைக் கடைசி லாரிக்கு வைத்தான். அந்த லாரி எத்தனை தடவை 'ரிப்பேர்' ஆனது என்று ஹெட் ஆபீசுக்கு இன்றும் தெரியாது.

இந்தப் பணிக்கு வருகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஜாக்கியை எடுத்துவிட்டு மரம் வைப்பதல்ல. ஜாக்கிக்குப் பக்கத்தில் மரத்தை நிறுத்தி, அடியில் இரண்டு பக்கமும் ஆப்பு அடித்து, பாரம் மரத்துக்கு ஏறிய பிறகே ஜாக்கியைத் திருகி இறக்க வேண்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. பாரம் ஏறியதா என்று கையால் தட்டினால் தெரியும். ஏறிய மரம் கல் மாதிரிச் சத்தம் தரும். எனக்கு ஆப்பு எடுத்துக் கொடுத்தது யார்? கட்டின பெட்டியை அவிழ்த்துவிட்டு வந்த சுகுமாரன்.

நடுப் பீமுக்கு அடியில் ஒரு மரம் பிளந்துவிட்டது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் உள்ளே போனேன். "மெஸ்த்ரி, வெளியே வா! மரத்துக்கு மரம் கிடைக்கும், உனக்கு நான் எங்கே போவேன்!" என்று அமேலியா கத்தியது மலையில் எதிரொலித்தது. இறக்கின ஜாக்கியை மறுபடி ஏற்றி, வேறு இரண்டு மரம் சேர்த்து நிறுத்திவிட்டு வந்தேன். பீம் ஒரு நூல் இறங்கவில்லை. இதை நான் சொல்லவில்லை. லியூ லெவல் வைத்துப் பார்த்துச் சொன்னது.

கடைசி ஜாக்கி போன லாரியிலேயே நாங்களும் ஏறினோம். தண்ணீர் வற்ற விடாதே, அடுத்த அமாவாசை தாண்டும்வரை முட்டு மரத்தைத் தொடாதே என்று அமேலியாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். அந்தப் பெண்பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? கடன் மறுபடி வந்து கம்பெனி திரும்பி வரச் சில வருஷம் ஆனது. அதுவரை ஒரு முட்டு மரத்தைத் தொட யாரையும் விடவில்லை. அடுப்பைக் கொண்டுபோய்த் தளத்துக்கு அடியிலேயே போட்டுக் களி விற்றாள்.

கல்

ஆஸ்பத்திரி திறந்தாகிவிட்டது. அமேலியாவின் பேத்தி அங்கேதான் பிறந்தாள். குழந்தையின் போட்டோவும் ஆஸ்பத்திரி வாசல் போட்டோவும் சுகுமாரன் போனுக்கு வந்தன. அவன் பெரிதாக்கிக் காட்டினான். வாசலில் ஒரு கறுப்புக் கல். அந்த நாட்டுத் தலைவர் பெயர், கடன் கொடுத்த நாட்டுத் தூதர் பெயர், கம்பெனி பெயர். இரண்டு நாடுகளின் நட்பு என்று ஒரு வரி.

அவர்கள் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. எண்ணெய் ஒரு நாட்டுடையது, கடன் இன்னொரு நாட்டுடையது, இருக்கட்டும். கடன் நின்ற பிறகு தளம் எதில் நின்றது? அதை அந்தக் கல் சொல்லவில்லை. எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. எந்த நாட்டுக்குப் போனாலும், யார் பணத்தில் கட்டினாலும், வார்ப்புக்கு முன்னால் வீட்டுக்காரன் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலாளி விளித்தால் போய்விடுவான். வீட்டுக்காரன் மரம் கொண்டுவருவான்.

கல்லுக்கு அடியில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடக்கிறது. போட்டோவில் நன்றாகப் பார்த்தேன். இதைப் படிக்கிற எஞ்சினியர் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால், அல்லது அங்கே கடிதம் எழுதத் தெரிந்தால், அந்த இடத்தில் வெட்டச் சொல்ல வேண்டியது இது. முட்டு: மேஸ்திரி நல்லபெருமாள், கரமனை. முதல் வரி என்னுடையதுதான், அமேலியாவைக் கேட்டாலும் அப்படியே சொல்வாள். இரண்டாம் வரி, வார்ப்புச் சாப்பாடும் மரமும்: அமேலியாவும் அவள் தெருக்காரர்களும். மூன்றாவது, ஆப்பு: சுகுமாரன். லியூ பெயர் வேண்டாம், அவன் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறான்.

என் பெயரை முழுதாக வெட்ட வேண்டும். சுருக்கக் கூடாது.