ஒரு வாய் பொங்கல்

ஆடிக் கிருத்திகையன்று என் கணவருக்கு இடைவிடாமல் ஆட்டோ சவாரி. ஸ்டாண்டில் இவரோடு வண்டி ஓட்டும் கூட்டாளி கோயில் சர்க்கரைப் பொங்கலை இலையோடு கொடுத்திருக்கிறார். திருத்தணியில் ஆட்டோ ஓட்டுகிற கிறிஸ்தவன் பிரசாதம் வேண்டாம் என்று முகத்திலடித்தாற்போல் சொல்ல முடியுமா? வழக்கமாக வாங்கிக்கொண்டு, வீடு வருவதற்குள் யாருக்காவது கொடுத்துவிடுவார். அன்று இவர் மறந்துபோய் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மூன்று வயது மகள் கையை நீட்டினாள். ஒரு வாய் ஊட்டினார். இன்னும் கேட்டு அடம்பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

அடுத்த வாரம் டெங்கு. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துணியில் சுற்றித்தான் தூக்கிவந்தோம்.

அடக்கத்துக்கு வந்த சொந்தங்கள் கிளம்பிய பிறகு, ஜெபக் கூட்டத்து அம்மா ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். “விக்கிரகத்துக்குப் படைச்சத துன்னக் கூடாதுன்னு அப்போஸ்தலருங்க எழுதி வச்சிகீறாங்க. அத போயி புள்ளைக்கு ஊட்டலாமா?”

அவள் கையிலிருந்த காபி தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போகச் சொன்னேன். அவள் வாயில் மண் விழ! கொசு என்ன, பொங்கல் தின்ற பிள்ளையா என்று பார்த்தா கடிக்கிறது? ஆனால் அவள் சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது.

கோயில் மலைப் பக்கம் சவாரி போவதையே விட்டார். பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகைக்கு மட்டும் ஓட்டினார். கூட்டாளி எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டார். சோறு இறங்கவில்லை. பைபிளில் அந்த ஒரு இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தார். இவரையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்து பாஸ்டரைக் கூட்டிவந்தேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். யூதர்களும் மற்றவர்களும் மனம் நோகாமல் ஒரே பந்தியில் உட்காரத்தான் அப்போஸ்தலர்கள் அப்படி எழுதினார்கள் என்றார். விக்கிரகம் ஒன்றுமில்லை, சாப்பாட்டால் யாரும் கடவுளை விட்டு விலகிப்போவதில்லை என்று பவுல் சொல்வதையும் எடுத்துக் காட்டினார்.

“இதுல படிச்சவங்களுக்குள்ளயே ஒத்த கருத்து கெடையாதுப்பா. ஆனா ஒரு வாய் பொங்கலுக்காக புள்ளைய எடுத்துக்கிற ஆண்டவர் இல்ல அவரு.”

“அப்போ நான் ஊட்டினதால இல்லீங்களா?”

“இல்லப்பா.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் பைபிளை மூடிவைத்தார்.

“அப்போ எதுக்குங்க ஐயா எடுத்துக்கினாரு?”

அடக்கத்தில்கூட அழாத மனிதர் அன்று என் மடியில் விழுந்து கதறினார். பொங்கலால்தான் என்று ஒரு காரணமாவது அதுவரை அவரிடம் இருந்தது. இப்போது அதுவும் போய், பிள்ளை போனது மட்டும்தான் மிச்சம்.