அப்பாவின் காருக்கு ஒரு சாரதி

அப்பாவின் கண்களைப் பரிசோதித்த மருத்துவர், இனி அவர் வாகனம் ஓட்டக் கூடாது என்பதை மிகுந்த மரியாதையோடு சொன்னார். அப்பாவும் அதே மரியாதையோடு கேட்டுக்கொண்டார். நீரிழிவு பல ஆண்டுகளாக அவருடைய பார்வையைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டிருந்தது. எதிரே ஒருவர் நிற்பது தெரியும், அவர் முகம் தெரியாது. வீடு திரும்ப ரயிலேறி, ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள எங்கள் ஹொல்ம்லியாவுக்கு வந்தோம். நிலையத்தில் இறங்கியதும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப காரை என்ன செய்யிறது, பிள்ளை?"

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுவீடனில் செய்தது; வெந்தய நிறம்; நான் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே வீதிக்கு வந்தது. நோர்வேயின் வட முனையில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்த முதல் வருடத்தில், அப்பா அதை ஒரு மீனவரிடமிருந்து வாங்கினார். ஊரும் உறவும் இல்லாத அந்தக் குளிரில் அவருக்கென்று இருந்த முதற்பொருள் அது. அம்மாவை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்ததும், பிறந்த என்னை மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்ததும், பிறகு எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஒஸ்லோவரை இறங்கி வந்ததும் அந்தக் காரில்தான்.

இப்போது எங்களிடம் இன்னொரு காரும் இருந்தது. நான் பல்கலைக்கழகத்துக்கும் கடைகளுக்கும் ஓட்டித் திரிந்த சின்ன ஜப்பான் கார். ஓட்ட ஆளில்லாத ஒன்றுக்கு முழுக் காப்புறுதியும் ஆண்டு வரியும் கட்டுவது எங்கள் வீட்டு வருமானத்துக்குப் பொருந்தாது என்றார் அம்மா. அவர் சொன்னது சரி. பனிக்கால டயர்ச் சில்லுகளைக் கழற்றும் பருவம் வருமுன் ஒரு வழி பிறக்காவிட்டால், காரை உடைக்கும் இடத்துக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அப்பா தலையாட்டினார். அன்றிரவு அவர் சாப்பாட்டுக் கோப்பையில் பாதிக்கு மேல் மிச்சம் விட்டார்.

எனக்கு அப்போது இருபது வயது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பேச்சுப் போட்டிகளில் எட்டு வயதிலிருந்து மேடையேறி வந்தவள். குரலை எங்கே உயர்த்துவது, எங்கே நிறுத்துவது, எதிரணி சொல்லப்போவதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி எப்படி முறிப்பது என்பதெல்லாம் எனக்குப் பழக்கம். ஒஸ்லோவில் என் வயதில் என்னைப் போல் பேசக் கூடியவர்கள் அதிகம் பேர் இருக்கவில்லை. இதைத் தற்பெருமையாக அல்ல, தகவலாகவே தருகிறேன். ஆகவே இந்த வழக்கை நானே எடுத்துக்கொண்டேன்.

வழி ஒன்று இருந்தது. முப்பது வயது நிறைந்த வாகனத்தை, அது செய்யப்பட்டபடியே பேணி வந்திருந்தால், 'வெத்தரான்பீல்', அதாவது மூத்த கார் என்று பதியலாம். வரி குறையும். பழைய கார்களை நேசிப்பவர்களின் கழகம் ஒன்று பார்த்து ஒப்புதல் அளித்தால், சிறு தொகைக்குக் காப்புறுதியும் கிடைக்கும். அன்றாட ஓட்டத்துக்கு வேறு கார் வீட்டில் இருக்க வேண்டும்; மூத்த காரை மகிழ்ச்சிக்காக மட்டுமே ஓட்ட வேண்டும். இந்த இறுதி நிபந்தனையை நான் வாசித்துக் காட்டியபோது அம்மா சந்தேகத்தோடு பார்த்தார்.

"மகிழ்ச்சிக்கெண்டால்?"

"சும்மா போய்வாறது, அம்மா."

"சும்மா ஆர் பெற்றோலை எரிப்பினம்?"

"ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போறது மகிழ்ச்சியோ கடமையோ?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இரு தரப்பிலும் ஏழு நிமிடம் பேச என்னால் முடியும் என்றேன். "ஒரு தரப்பும் வேண்டாம், தேத்தண்ணி ஆறுது" என்றார் அம்மா.

விண்ணப்பத்தோடு காரின் படங்களையும் அனுப்பும்படி கழகம் கேட்டிருந்தது. நான் நோர்வேஜிய மொழியில் இரண்டு பக்கத்துக்கு ஒரு முன்னுரை எழுதினேன். படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அம்மா ஏற்றார். ஆல்பங்களைப் புரட்டி, ஆறு நல்ல படங்களை எடுத்து உறையில் இட்டுத் தபாலில் சேர்த்தார்.

அடுத்த வாரம் கழகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முதியவரின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"உங்கள் படங்கள் கிடைத்தன. மிக அழகான குடும்பம். ஆனால் கார் எங்கே?"

மிச்சப் படங்களை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. எங்கள் வீட்டில் அந்தக் காரைத் தனியே யாரும் படம் பிடித்ததே இல்லை. மீனவ நகரத்தின் பனிக்குவியலுக்கு நடுவே அப்பா கதவில் கை ஊன்றி நிற்பார். கூறைச்சேலையோடு அம்மா முன்பக்கத்தை முழுதாக மறைத்து நிற்பார். தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த அன்று வெள்ளைச் சட்டையோடு நான் மேலேயே உட்கார்ந்திருப்பேன். ஊருக்கு அனுப்புவதற்காக எடுத்த படங்கள் அவை. நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று சொல்வதற்கு எங்களுக்குப் பின்னால் கார் தேவைப்பட்டது. கழகத்துக்கோ, காருக்கு முன்னால் நாங்கள் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை வெயில் வந்தது. வாகனத் தரிப்பிடத்தில் காரைக் கழுவித் துடைத்து, நான் கமராவோடு நின்றேன்.

"ஆளில்லாமல் எடுத்தால் விக்கிற கார் மாதிரியெல்லோ கிடக்கும்" என்றார் அம்மா, பல்கனியிலிருந்து.

அப்பா துணியோடு காரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத தூசியை விரலால் தேடித் துடைத்தார்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்றார்.

"இப்பவும் தெரியிறனோ?"

"கை தெரியுது."

"இப்ப?"

"நிழல் விழுது, அப்பா."

"நிழலும் கூடாதாமோ?" என்று கேட்டுவிட்டு, காரைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து, சைக்கிள்கள் நிறுத்தும் கம்பியில் முதுகு இடிக்கும்வரை போனார். அங்கே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் படங்களை எடுத்து முடித்தேன். பின்னர் பார்த்தபோது எந்தப் படத்திலும் அவர் இல்லை. விண்ணப்பத்துக்குப் பொருத்தமான படங்கள்தான். எனக்கு மட்டும் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

படங்களை ஏற்றுக்கொண்ட முதியவர், காரை நேரில் பார்க்கவும் வந்தார். முழந்தாளிட்டு அடிப்பாகத்தைப் பார்த்தார். கதவுகளைத் திறந்து மூடி ஓசை கேட்டார். முன்கண்ணாடிக்குக் கீழே நின்ற மாதா சிலையைச் சுட்டி, அது காரோடு வந்ததா என்று விசாரித்தார்.

"வாங்கும்போது இல்லை. ஓட்டத் தொடங்கும்போது இருந்தார்" என்றார் அப்பா, தொழிற்சாலையில் கற்ற வட முனை நோர்வேஜியத்தில்.

"கழற்றலாமா?"

"காந்தம்தான்."

"அப்படியென்றால் இருக்கட்டும்" என்று முதியவர் எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டார். கார் தேறிவிட்டது. அப்பாவின் கை தானாகவே காரின் கூரைமேல் போய் அமர்ந்தது.

வீட்டுக்குள் வந்து, தேநீருக்காகக் காத்திருந்தபோது முதியவர் பேனாவை எடுத்தார். "ஓட்டப்போவது யார்?"

"நான்" என்றேன்.

"வயது?"

சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார். இந்தக் காப்புறுதியில் இருபத்தைந்துக்குக் குறைந்தவர்கள் ஓட்ட முடியாதாம். நான் எழுந்து நின்றே விட்டேன். அனுபவத்தை ஆண்டுகளால் அளப்பது முறையன்று என்றேன். விபத்தில்லாத என் ஓட்டத்தை எடுத்துக் காட்டினேன். வாகனத்தைக் காப்பதற்கான விதி வாகனத்தையே முடக்குமானால் அதன் நோக்கம் என்னவென்று கேட்டேன். நல்ல பேச்சு. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். முதியவர் தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டார்.

"மிக நன்றாகப் பேசுகிறீர்கள். இன்னும் ஐந்து வருடத்தில் எனக்கு எழுதுங்கள்."

அப்பா என் பக்கம் திரும்பி, "விடு பிள்ளை, நிண்ட இடத்திலை நிக்கட்டும். ஓடாட்டிலும் உடைக்க மாட்டினம் தானே" என்றார். சமாதானம் சொல்லும் குரல். ஆனால் கார் நிற்பதற்காகவா அவர் சில்லிலிருந்து கூரைவரை விரலால் துடைத்தார்? அந்தக் கார் ஓட, முன்னிருக்கையில் இனி அவர் உட்காரப் போவதில்லை என்பது எங்கள் மூவருக்கும் ஒரே கணத்தில் விளங்கியது.

தேநீர்த் தட்டத்தோடு நின்ற அம்மா, அதை மேசையில் வைத்தார்.

"என்ரை பேரை எழுதச் சொல்லு."

அம்மாவிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. ஆனால் நான் சிறுபிள்ளையாய்ப் பின்னிருக்கையில் இருந்த ஒரு நாள், உறைந்த வீதியில் அவர் ஓட்டிய கார் வழுக்கி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை; வேலைக்கு ரயிலிலேயே போய்வந்தார்.

"நீரோ?" என்றார் அப்பா.

"ஏன், வயசு காணாதோ எனக்கு?"

முதியவருக்குத் தமிழ் விளங்கவில்லை. இருந்தும் பேனாவை மீண்டும் எடுத்துக்கொண்டார்.

பனி உருகி, வீதி காய்ந்த ஒரு ஞாயிறு மத்தியானம் புறப்பட்டோம். அம்மா சாரதி, அப்பா பக்கத்தில், நான் பின்னே. தரிப்பிடத்தை விட்டு வெளியேறுவதற்குள் இஞ்சின் மூன்று முறை நின்றது.

"கிளச்சை மெல்ல விடும்" என்றார் அப்பா.

"கதைக்காமல் இருங்கோ. கதைச்சால் எனக்குக் கால் ஓடாது."

குன்றிலிருந்து இறங்கி, கடலோரமாய்த் தெற்கே போகும் வீதியில் சேர்ந்தோம். அம்மா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராய் முந்திப் போனார்கள். இஞ்சின் இரண்டாம் கியரில் முனகியது. அப்பா கியர்த் தடியை நோக்கிக் கை நீட்டினார். அங்கே அதற்குள் அம்மாவின் கை வந்துவிட்டிருந்தது. அப்பா தன் கையை எடுக்கவில்லை. "இப்ப" என்று மட்டும் சொன்னார். இருவர் கையுமாக மூன்றாம் கியர் விழுந்தது. முனகல் நின்று, கார் இலேசாகியது.

பார்வை போனாலும் அந்த வீதி அப்பாவுக்கு வளைவு வளைவாய்த் தெரியும். கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கணம் முன்பே உடலைச் சாய்த்தார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா கேட்டார்: "எங்கை திருப்பிறது? எனக்குப் பின்னுக்கு எடுக்க ஏலாது, சொல்லிப்போட்டன். சுத்திவர இடமுள்ள பக்கமாய்ச் சொல்லுங்கோ."

அடுத்த வளைவு தாண்டியதும் பெற்றோல் நிலையம் ஒன்று வரும். ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற விசாலமான இடம். எத்தனையோ முறை அப்பா அங்கே திருப்பியிருக்கிறார். வளைவுக்கு முன்பே அவர் உடல் சாய்ந்தது. எங்கே வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போம்" என்றார்.

பெற்றோல் நிலையம் என் ஜன்னலைக் கடந்து பின்னால் போயிற்று. நான் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"இஞ்சாலை எங்கையும் இடமில்லையோ?"

"இருக்கு. தள்ளியிருக்கு. நேர போம்."